பழைய மூவி கேமரா சேகரிக்க ஆசை: எதில் தொடங்குவது?

"தாத்தாவின் பெட்டியில் ஒரு 8 மி.மீ. மூவி கேமரா கிடைத்தது. அன்று முதல் இதே நினைப்பாக இருக்கிறது. எந்த மாடலில் சேகரிப்பைத் தொடங்கலாம்? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? இன்றைக்கும் இவற்றில் படம் எடுக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாவி கொடுத்து ஓடும் கேமராவில் தொடங்குங்கள். பேட்டரி போட்டு ஓடுவதைக் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவசரமாகப் போகிறவர்கள் இத்தோடு போய்விடலாம். மீதி எல்லாம் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கான விளக்கம்.

இந்த விஷயத்தில் நான் நடுநிலைக்காரன் அல்ல. என் அப்பா பாளையங்கோட்டையில் கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம், எப்போதாவது கிராமபோன் ஆகியவற்றைப் பழுது பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த மேசையடியில்தான் எனக்கு விளையாட்டு. உடைந்த மெயின் ஸ்பிரிங்கை நீட்டிச் சுருட்டிக் கையைக் கிழித்துக்கொண்ட தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது. ஆகவே பல்சக்கரத்தில் ஓடுவது எதுவானாலும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. என்னிடம் இப்போது 23 கேமராக்கள் இருக்கின்றன. ஓடுபவை 14. அந்தப் பதினான்கில் பன்னிரண்டு சாவிக் கேமராக்கள்.

உங்கள் தாத்தாவின் கேமராவை எடுத்துச் சாவியைத் திருகிப் பாருங்கள். உள்ளே ஓர் எஃகு நாடா சுருண்டு இறுகும். பொத்தானை அழுத்தினால் அது விரிந்து சக்கரங்களைச் சுற்றும். இதுவரை கடிகாரம்தான். ஆனால் பிலிம் ஓடும் விதம் வேறு. பிலிம் ஆற்றுத் தண்ணீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. நின்று நின்றுதான் போகும். சின்னக் கொக்கி ஒன்று பிலிமின் துளைக்குள் புகுந்து ஒரு கட்டம் கீழே இழுத்துவிட்டு விலகிக்கொள்ளும். பிலிம் அசையாமல் நிற்கும் அந்த இமைப்பொழுதில், வட்டத் தட்டான ஷட்டரின் திறப்பு லென்ஸுக்குப் பின்னால் கடந்து போகும், படம் பதியும். மறுபடி ஷட்டர் மூடும், கொக்கி இழுக்கும். மௌனப் படக் காலத்து வேகத்தில் இது வினாடிக்கு 16 முறை நடக்கிறது. 8 மி.மீ. பிலிமில் அந்தக் கட்டத்தின் அளவு ஏறத்தாழ 4.5 மி.மீ. அகலம், 3.3 மி.மீ. உயரம். ஒரு துவரம்பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். முழுதாகச் சாவி கொடுத்ததும் ஸ்பிரிங்குக்கு வலு அதிகம், தீரும்போது குறைவு. அப்படியானால் படம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் பதியாதா? பதியாது. காரணம் கவர்னர் என்ற உறுப்பு. வேகமாகச் சுழலும் அச்சில் சிறு எடைகள் பொருத்தியிருப்பார்கள். வேகம் கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரியும். விரியும்போது உராயும் பட்டையில் அழுந்தித் தாமே பிரேக் போட்டுக்கொள்ளும். வேகம் குறைந்தால் பிடி தளரும். அப்பா கிராமபோனில் எண்ணெய் விட்ட கவர்னரும் இதே வேலையைத்தான் செய்தது. முதன்முறை ஒரு கேமராவைப் பிரித்து இதைப் பார்த்தபோது, ஊர்த் திருவிழாவில் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

இந்த வேகம் எவ்வளவு நம்பத் தக்கது என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதைப் படம் பிடித்த ஆபிரகாம் சாப்ரூடர் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்ல, பெண்கள் ஆடை தயாரிப்பவர். அவர் கையில் இருந்தது பெல் அண்ட் ஹவல் 414பிடி என்ற 8 மி.மீ. சாவிக் கேமரா. பதிந்தவை 486 கட்டங்கள். பின்னர் அந்தக் கேமராவை ஓட்டிச் சோதித்து, வினாடிக்குச் சராசரி 18.3 கட்டம் என்று கணக்கிட்டார்கள். அதாவது மொத்தம் 26.6 வினாடி. எந்தக் குண்டு எந்த நொடியில் என்ற வாதம் முழுவதும் ஒரு ஸ்பிரிங்கின் ஒழுக்கத்தை நம்பித்தான் நடந்தது.

அளவுகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வாங்கும்போது குழப்பம் வராமல் இருக்க. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. கொண்டுவந்தது, துளை நடுவில் இருக்கும். 1923இல் கோடக் 16 மி.மீ. பிலிமையும் சினி-கோடக் கேமராவையும் வெளியிட்டது. தியேட்டர்களில் அப்போது ஓடிய 35 மி.மீ. நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பற்றும்; இதுவோ வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க அசிட்டேட். எடுத்த பிலிமையே கழுவித் திரையிடும் ரிவர்சல் முறை என்பதால் நெகடிவ், பாசிடிவ் என்று இரட்டைச் செலவும் இல்லை. அப்படியும் அது பணக்காரர்கள் பொழுதுபோக்காகவே இருந்தது. 1932இல் பொருளாதார மந்தத்தின் நடுவே கோடக் 8 மி.மீ. கொண்டுவந்தது. 1965இல் சூப்பர் 8 வந்தது: 50 அடி பிலிமை பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, கேமராவில் சொருகினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். துளையைச் சிறிதாக்கி, படத்தின் பரப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கினார்கள். அதே ஆண்டு ஜப்பானில் ஃபியூஜி தன் சிங்கிள் 8ஐ விட்டது. இரண்டின் கூடும் வேறு வேறு. ஒன்றை மற்றதில் சொருக முடியாது. ஃபியூஜிகா என்று பெயர் கண்டால் நின்று பார்த்து வாங்குங்கள்.

தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது பெரும்பாலும் 1932 வகைதான், அதாவது டபுள் 8. இதன் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. சுருளில் இருப்பது 16 மி.மீ. அகலப் பிலிம், 25 அடி. கேமரா அதன் ஒரு பாதியில் மட்டும் படம் பதிக்கும். ஓடி முடிந்ததும் நிழலான இடத்தில் கேமராவைத் திறந்து, சுருள்களை இடம் மாற்றித் திருப்பிப் போட்டு, மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு லேபில் நடுவாகக் கிழித்து, இரண்டையும் ஒட்டி 50 அடியாகத் தருவார்கள். ஓர் அடியில் 80 கட்டம். வினாடிக்கு 16 வீதம் ஒரு பக்கம் 2 நிமிடம் 5 வினாடி ஓடும். இரண்டு பக்கமும் சேர்ந்து நாலு நிமிடம் சொச்சம். ஒரு கல்யாணத்துக்கு நாலு நிமிடம்! எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்தக் காலத்தில் எடுத்தவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

எங்கள் வீட்டுக் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் பெரிய தாத்தா 1960களில் ஊர் திரும்பும்போது ஒரு கோடக் பிரவுனி மூவி கேமராவைக் கொண்டுவந்தார். 1951இல் வெளிவந்த மாடல். ஃபோகஸ் செய்யத் தேவையில்லாத 13 மி.மீ. எஃப்2.7 லென்ஸ்; வெயிலுக்குத் தகுந்தபடி திருப்ப ஒரே ஒரு வளையம். அதில் அவர் முதலில் எடுத்தது நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம். இரண்டு பக்கமும் எடுத்து முடித்து, சுருளை எடுத்து அலமாரியில் வைத்தார். இரண்டு மாதம் கழித்து ஆவணியில் என் அத்தைக்குக் கல்யாணம். அலமாரியில் இருந்த சுருளை எடுத்துப் போட்டு அதையும் எடுத்தார்.

புரிந்திருக்கும். டபுள் 8 பிலிம் இரண்டு முறை ஓடி முடித்ததும் தன் பழைய சுருளுக்கே திரும்பி வந்துவிடுகிறது. பார்வைக்குப் புதுச் சுருளுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. சுருளின் ஒரு பக்கம் மூன்று வெட்டு, மறுபக்கம் நான்கு வெட்டு வைத்து, தலைகீழாக மாட்டிவிடாமல் காத்த கோடக்காரர்கள், எடுத்த சுருளை மறுபடி மாட்டிவிடாமல் காக்க வழி வைக்கவில்லை. கழுவி வந்த படத்தைப் பார்த்துத் தாத்தா அதன் பிறகு கேமராவையே தொடவில்லை என்று சொல்வார்கள். அந்தச் சுருள் ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றில் ஐம்பது வருடம் கிடந்தது.

நான் அதை புரொஜெக்டரில் ஓட்டவில்லை. பழைய பிலிம் சுருங்கியிருக்கும். துளைகள் பல்லில் உட்காராமல் கிழிந்துவிடும். விளக்குப் பலகையில் வைத்து, டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்தேன். 25 அடி, இரு பக்கம், மொத்தம் 4,000 கட்டம். ஒரு மழைக்காலம் முழுக்க மாலை வேலை அதுதான்.

தேரும் கல்யாணமும் குழம்பிக் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ரிவர்சல் பிலிமில் வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துவிடும். அதன் மேல் இன்னொரு படம் பதிய இடம் இருக்காது. இருட்டாக விடப்பட்ட இடத்தில்தான் அடுத்த படம் உட்காரும். ரத வீதியின் வானம் வெள்ளை, வடம் பிடிக்கிறவர்களின் வேட்டி வெள்ளை. இருட்டு என்று இருந்தது எண்ணெய் ஏறிக் கறுத்த தேரின் மரம் மட்டுமே. ஆகவே கல்யாணம் முழுவதும் தேருக்குள் நடக்கிறது! பந்தல் வாசலில் கீற்று இடுக்கில் விழுந்த வெயிலில் ஆட்கள் தேரின் உடம்புக்குள் வந்து போகிறார்கள். தேர் நகர நகரக் கல்யாணமும் நகர்கிறது. வீதி முக்கில் தேர் திரும்பியதும், மாப்பிள்ளை வெயிலில் கரைந்துபோகிறார்.

அத்தைக்குக் கைபேசியில் காட்டினேன். இப்போது எழுபது தாண்டியவர். தாலி கட்டும் நேரம் பார்த்துத் தேர் சட்டகத்தை விட்டு வெளியே போயிருந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. அவரோ, "அது கிடக்கட்டும், முன்னால் போ, ஆச்சியின் காதுப் பாம்படம் தெரிந்த இடத்தில் நிறுத்து" என்று பத்து முறை அதையே பார்த்தார்.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதல் விதி: உள்ளே பிலிம் இருக்கிறதா என்று தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள். பிலிம் எத்தனை அடி ஓடியது என்று காட்டும் முள் பாதியில் நின்றால் சந்தேகப்படுங்கள். யாரோ ஒருவருடைய வீடு அதற்குள் இருக்கலாம். இருட்டுப் பையில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காலாவதியான கறுப்பு வெள்ளைப் பிலிமில் பல பத்தாண்டு கழித்தும் உருவம் எடுக்க முடிகிறது.

பிலிம் இல்லை என்றால் முழுச் சாவி கொடுத்து ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியில் ஓட வேண்டும். நல்ல கேமரா வேகம் குறையும் முன்பே தானாக நின்றுவிடும். இழுத்து இழுத்து முனகினால் உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிட்டது. அது பழுதல்ல, துடைத்து எண்ணெய் மாற்றினால் போகும். சாவி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம். அண்ணாச்சியிடம் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஓட்டினால் லென்ஸின் புகை, பூஞ்சை, ஷட்டரின் சுழற்சி எல்லாம் பின்னாலிருந்து தெரியும். வேகத்தைச் சோதிக்க, வீணான பிலிமில் ஓர் அடிக்கு ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். கோட்டுக்குக் கோடு 5 வினாடி என்றால் சரியான 16. கடிகாரக்காரன் மகனுக்கு இதைவிட இன்பமான சோதனை இல்லை.

எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று போய் வராத தெரு குறைவு. மேலப்பாளையம், காயல்பட்டினம், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் பழைய வீடு இடிபடும்போது பரணில் இருந்து இவை இறங்கும். நேராக ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், எடைக்கு. அங்கே ஒரு தொலைபேசி எண் கொடுத்து வைத்திருக்கிறேன். இணையத்தில் "ஓடும் நிலையில்" என்று போட்டு விற்றதை இருமுறை வாங்கி இருமுறையும் ஏமாந்தேன். ஓடியது, ஆனால் பிலிம் போட்டால் நின்றது.

பேட்டரிக் கேமராக்களிடம் எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். அவை மோசமானவை அல்ல. கேனான் 814, பிரவுன் நிறுவனத்தின் நைசோ எல்லாம் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஜூம் லென்ஸ், தானே வெளிச்சம் அளக்கும் கண், சில மாடல்களில் ஒலிப்பதிவும் கூட. ஆனால் வெளிச்ச அளவிக்கு என்று 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரி கேட்கும் மாடல்கள் பல. பாதரசம் என்பதால் அந்தப் பேட்டரியே இப்போது விற்பனையில் இல்லை. 1.55 வோல்ட் வெள்ளி ஆக்சைடு பேட்டரியைப் போட்டால் அளவு தவறும். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்கலாம். மின்சுற்றுக்குள் இறங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 1950களின் யூமிக் சி3 போன்ற சாவிக் கேமராக்களில் செலினியம் அளவி இருக்கும். அதற்குப் பேட்டரி வேண்டாம். செலினியமும் வயதாகிச் செத்துப்போகும்தான். செத்தால் என்ன? லென்ஸின் திறப்பைக் கையால் வைத்துக்கொள்ளலாம், கேமரா ஓடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை தாண்டி வண்ணார்பேட்டைப் பக்கம் வந்தபோது என் கீழ்த்தள அறையில் நாலு கேமராக்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு சேறும் சகதியுமாக எடுத்தேன். இரண்டு சூப்பர் 8 கேமராக்களின் மின்பலகை முடிந்தது. சாவிக் கேமராக்களில் ஒன்றின் ஸ்பிரிங் துருப்பிடித்து, நான்காம் நாள் வெடித்தது. மற்றதை ஆணி ஆணியாகப் பிரித்து, வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினேன். ஓடுகிறது. நாலில் ஒன்று. பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்று எந்த வகை என்று பாருங்கள். நனைந்த பிலிம் சுருள்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு அலசிப் பிரித்து உலர்த்தினேன். நனைந்ததைச் சுருளாகவே காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டாகிவிடும். தேர்ச் சுருள் தப்பித்தது. அது அன்று மாடியில் அத்தையின் அறையில் இருந்தது.

பாதுகாப்புக்குச் சில வார்த்தை. சாவி கொடுத்த நிலையில் கேமராவை அடுக்காதீர்கள்; ஓடவிட்டு வையுங்கள். தோல் உறை அழகாக இருக்கும், ஈரத்தையும் பூஞ்சையையும் அதுதான் வளர்க்கும், தனியே வையுங்கள். பிலிம் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருளைப் பிரித்துத் தனியே வைத்து, முதலில் அதைப் பிரதி எடுங்கள்.

எல்லோரும் கேட்கும் போலெக்ஸ் பற்றி: சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் 1935 முதல் விட்ட எச்16 உண்மையிலேயே பெரிய வேலைப்பாடு. ஒரு சாவிக்கு 24 வேகத்தில் 28 வினாடி ஓடும், பிலிமைப் பின்னோக்கிச் சுற்றும், கட்டம் கட்டமாக எடுக்கும். ஆனால் முதல் கேமராவாக அதை வாங்கிவிட்டால் பயத்தில் திருப்புளியைத் தொடவே மாட்டீர்கள். ஐந்நூறு ரூபாய்ப் பிரவுனியைப் பிரித்துக் கெடுத்துக் கற்றவனுக்குத்தான் போலெக்ஸ். என்னிடம் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாவதாக வாங்கினேன்.

இன்றும் படம் எடுக்கலாமா? எடுக்கலாம், பையில் பணம் இருந்தால். சூப்பர் 8, 16 மி.மீ. பிலிமைக் கோடக் இன்னும் செய்கிறது. சாவியும் வேண்டும், இன்றைய கூடும் வேண்டும் என்றால் சோவியத் தயாரிப்பான குவார்ஸ் 1×8எஸ்-2 தேடுங்கள். சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் போட்டுச் சாவியில் ஓடும் அபூர்வ வகை. டபுள் 8க்கு செக் நாட்டின் ஃபோமா கறுப்பு வெள்ளை ரிவர்சல் பிலிம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கழுவவும் அனுப்ப வேண்டும். நாலு நிமிடப் படத்துக்கு ஆகும் செலவை வீட்டில் நான் சொல்வதில்லை.

போன ஆனியில் தாத்தாவின் பிரவுனியில் அப்படி ஒரு சுருள் போட்டேன். சந்திப் பிள்ளையார் முக்கில் நின்று முதல் பக்கம் முழுவதும் தேர். கீழ் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, துண்டை மேலே போர்த்திக்கொண்டு சுருளைத் திருப்பினேன். மறுபக்கத்தை அத்தையின் பேத்தி கல்யாணத்துக்கு என்று விட்டு வைத்திருக்கிறேன், தை மாதம். கேமராவின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: "ஒரு பக்கம் ஓடியது. திருப்பியாகிவிட்டது. யாரும் தொடாதீர்கள்."